பாதத்து நரம்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு எங்கே இருப்பது: மேட்டு லயத்திலா, டவுனிலா?

எங்கள் வீட்டு வாசலில் இருந்து பஸ் போகும் வீதிக்கு இறங்க 74 படி. மேலே உள்ள 40 சீமெந்துப் படி. மிச்சம் மண்ணை வெட்டிக் கல் பதித்தது, ஒன்றின் உயரம் மற்றதோடு ஒத்துவராது. அதற்கும் கீழே தேயிலைக்கு நடுவில் ஒரு சரிவுப் பாதை, மழை பெய்தால் வழுக்கும். சின்ன வயதில் இருந்து ஏறி இறங்குகிற வழிதான். ஆனாலும் நான் அதை எண்ணிப் பார்த்தது, வலது பாதத்தில் நரம்பு ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்த அன்று பின்னேரம்தான்.

வைத்தியர் சொன்னது எல்லாம் பாதத்தைப் பற்றி. எத்தனை நாளில் தையல் பிரிப்பார்கள், எப்போது முழுப் பாதத்தையும் ஊன்றலாம், எப்போது வழக்கமான சப்பாத்து போடலாம். அதில் பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பாதம் எந்தத் தரையில் நடக்கப் போகிறது என்று மட்டும் அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. சமதரையில் இருப்பவருக்குப் பொருந்தும் நாள் கணக்கை அப்படியே இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்து மேட்டு லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, கொண்டுவர முடியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் நானும் அக்காவும் எதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், எதை எடுத்தோம், எது சரியாக வந்தது, எது பிழைத்தது என்று எழுதுகிறேன்.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது சப்பாத்துக்குள் சின்னக் கல் ஒன்று கிடக்கிற மாதிரி இருக்கும். கழற்றி உதறினால் ஒன்றும் விழாது. கொஞ்ச நாளில் அந்த இடம் எரியும், இரண்டு விரல் மரத்துப் போகும், சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைப் பிசைந்தால் தணியும். இதன் பெயர் மோர்ட்டன் நியூரோமா. 1876இல் இதை விவரித்து எழுதிய அமெரிக்க வைத்தியர் தோமஸ் ஜோர்ஜ் மோர்ட்டனின் பெயரால் வந்தது. நியூரோமா என்றதும் எங்கள் அம்மா புற்றுநோய் என்று பயந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது புற்றுநோய் இல்லை. விரல்களுக்குப் போகும் நரம்பு, பாத எலும்புகளுக்கு நடுவில் நசுங்கி நசுங்கி, சுற்றிலும் நார் படிந்து தடித்துப் போவதுதான். பெருவிரலில் இருந்து எண்ணினால் மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் நடுவில் வருவதே அதிகம். பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. முனை ஒடுங்கிய, குதி உயர்ந்த சப்பாத்து இதைக் கிளறிவிடும். ஆசிரியையான நான் 14 வருடம் அப்படிப்பட்ட சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் வகுப்பில் நின்றேன்.

ஒப்பரேஷனுக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை உண்டு. முனை அகன்ற சப்பாத்து, விரல்களுக்குப் பின்னால் உள்ளங்காலின் மேட்டுக்குச் சற்றுப் பின்னே வைக்கும் சிறு மெத்தை, பிறகு ஸ்டீரொய்ட் ஊசி. நிறையப் பேருக்கு இவ்வளவே போதும். எனக்கு ஊசியின் பலன் சில மாதம் நின்றது, பிறகு வலி திரும்பிவிட்டது. ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் உள்ளங்கால் கொழுப்பு மெலியும் என்பதால் நிறுத்திவிட்டோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு பாதமும் சேர்ந்து எரிந்தால், மரத்தால், முதலில் இரத்தத்தில் சீனி பார்க்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் இந்த நோயாக இருக்காது, வெட்டி எடுப்பதால் தீரவும் தீராது.

சரி, வெட்டுவது என்று ஆகிவிட்டது. மேலேயா, கீழேயா?

இதைத் தீர்மானிப்பது சத்திரசிகிச்சை நிபுணர்தான். ஆனால் அவர் தீர்மானிக்கும் முன்னால் நம் வீட்டு வழியை அவரிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். புறங்காலில், அதாவது பாதத்தின் மேல்பக்கம், விரல்கள் தொடங்கும் இடத்தில் வெட்டுவது ஒரு வழி. உள்ளங்காலில் வெட்டுவது மற்றது. நரம்பு இருப்பது உள்ளங்கால் பக்கம், ஆகவே கீழிருந்து போனால் அது நேராகவே கண்ணில் படும். எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் இணைப்பு நாரையும் வெட்ட வேண்டியதில்லை. மேலிருந்து போனால் அந்த நாரை வெட்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். வைத்தியர் பக்கத்தில் இருந்து பார்த்தால் இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளும் நீண்ட காலத்தில் பலன் ஏறத்தாழ ஒன்றே என்றுதான் சொல்கின்றன.

நடக்கிறவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் முதல் மூன்று கிழமை ஒன்றாக இருக்காது. மேலே வெட்டினால் புண்ணின் மேல் நாம் மிதிப்பதில்லை. அடி வளையாத சப்பாத்தைப் போட்டுக் குதிகாலில் ஊன்றி, முதல் ஓரிரு நாளிலேயே கழிவறை வரைக்கும் நடக்க விடுவார்கள். சுமார் இரண்டு கிழமையில் தையல் பிரிப்பார்கள். கீழே வெட்டினால் தையலின் மேலேயே உடம்பின் பாரம் விழும். அதனால் இரண்டு மூன்று கிழமைக்கு முன்பாதம் தரையில் படவே கூடாது. அதாவது ஒற்றைக் காலும் இரண்டு ஊன்றுகோலும். ஆறினாலும் தழும்பு தடித்துவிட்டால் அதை மிதித்துத்தான் நடக்க வேண்டும்.

எங்கள் லயத்தில் எனக்கு முன்னால் இந்த ஒப்பரேஷன் செய்துகொண்டவர் ஒரு பெரியம்மா. முதலில் மேலே வெட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து, வெட்டிய நரம்பின் நுனி மறுபடியும் தடித்து வலி வந்ததால், இரண்டாம் முறை கீழே வெட்டினார்கள். திரும்பச் செய்யும் ஒப்பரேஷனுக்கு உள்ளங்கால் வழியைத் தேர்வது வழக்கம்தான். முதல் முறை அவர் மூன்றாம் நாள் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை மூன்று கிழமை காம்பராவை (அறையை) விட்டு வெளியே வரவில்லை. வாசல்படிக்கும் கானுக்கும் (தண்ணீர் ஓடும் வடிகாலுக்கும்) நடுவில் ஒற்றைக் காலில் நிற்க ஒரு சாண் சமதரை கிடையாது. மேட்டில் இருப்பவர்களுக்கு, முதல் முறை என்றால், மேல் வெட்டே நல்லது என்பது என் எண்ணம். வைத்தியருக்கு வேறு காரணம் இருந்தால் அவர் சொல்வதே சரி. அப்படியானால் அந்த மூன்று கிழமைக்கு மேட்டை விட்டு இறங்கிவிடுவதும் சரி.

எந்த வழியில் வெட்டினாலும், நரம்பை எடுத்துவிட்டால் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் உணர்ச்சி இருக்காது. இது நிரந்தரம். ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சிலருக்கு நரம்பை எடுக்காமல், மேலே அழுத்தும் நாரை மட்டும் வெட்டி விடுவதும் உண்டு. அது தடிப்பின் அளவைப் பொறுத்தது.

அடுத்தது இடம். இதில்தான் நாங்கள் அதிகம் வாதாடினோம்.

அக்கா கம்பளை டவுனில் இருக்கிறார். மகாவலி ஆற்றுக்குப் பக்கத்தில் சமதரை, வாசலில் ஆட்டோ நிற்கும், வீட்டுக்குள் கொமட், தரை முழுக்கச் சீமெந்து. "நீ அங்க இருந்தா ஒரு நாள் கூடக் கால நீட்டிப் படுக்க மாட்டா, வா பேசாம" என்றார். அம்மாவுக்கு விருப்பமில்லை. மகள் நோயாளியாக இருக்கும்போது தன் கண் முன்னால் இருக்க வேண்டும் என்று நினைத்தார். என் மகனுக்கும் அப்போது எட்டு வயது.

வீட்டில் இருப்பதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லயத்தில் ஒருவர் படுத்தால் கஞ்சி கொண்டுவர நாலு வீடு இருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டு மாற்றலாம். தன் படுக்கையில் தூக்கம் நன்றாக வரும். ஆனால் ஒப்பரேஷன் செய்த பாதம் முதல் இரண்டு கிழமை கேட்பது ஒரே விஷயம்தான்: இதயத்துக்கு மேலே தூக்கி வை. படுத்துக் கீழே இரண்டு தலையணை வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அப்படியே. பாதத்தைத் தொங்கவிட்டால் வீங்கும். வீங்கினால் தையல் இழுக்கும், நரம்பு துடிக்கும். எங்கள் வீட்டில் அடுப்படி ஒரு படி கீழே, தண்ணீர்க் குழாய் லயத்தின் முனையில், மலசலகூடம் கானுக்கு அந்தப் பக்கம். நான் எதுவும் செய்ய வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனாலும் கண் முன்னால் அம்மா தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படிப் படுத்திருப்பது?

மலசலகூடத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் எழுத வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. குந்தி உட்காரும்போது விரல்கள் பின்னுக்கு மடங்குகின்றன, உடம்பின் பாரம் முன்பாதத்துக்கு வருகிறது. புதுத் தையல் அதைத் தாங்காது. எழும்பும்போது இன்னும் மோசம். வீட்டில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால், ஒப்பரேஷனுக்கு முந்தின கிழமையே கொமட் கதிரை ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விலைக்கு வாங்க முடியாவிட்டால், உறுதியான கதிரை ஒன்றின் நடுவில் ஓட்டை போட்டுக் கீழே வாளி வைக்கலாம். பெரியம்மாவின் மகன் அப்படித்தான் செய்து கொடுத்தார்.

இன்னொரு கணக்கும் பார்த்தோம். முதல் மூன்று கிழமையில் கண்டியில் உள்ள கிளினிக்குக்கு எத்தனை முறை போக வேண்டி வரும்? கட்டு பார்க்க ஒரு முறை, தையல் பிரிக்க ஒரு முறை, ஏதாவது சிக்கல் என்றால் இன்னொரு முறை. கம்பளையில் இருந்து கண்டிக்குப் போவது ஒரு மணித்தியால விஷயம். வீட்டில் இருந்தால் ஒவ்வொரு முறையும் 74 படி இறங்கி, வளைந்து வளைந்து போகும் பஸ்ஸில் பாதத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, திரும்பி வந்து 74 படி ஏற வேண்டும். நள்ளிரவில் காய்ச்சல் வந்தால்? கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால்? இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கக் கூடும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை அது. கம்பளை என்று முடிவானது இந்தக் கேள்வியில்தான். அம்மாவும் சரி என்றார். மகனை அழைத்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் வந்தார்.

முடிவு சரிதான். அதை நான் முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை. 11ஆம் நாள் லயத்தில் ஒரு சாவு. என்னைத் தூக்கி வளர்த்தவர். போகாமல் இருக்க முடியாது, இப்போது கேட்டாலும் போவேன் என்றுதான் சொல்வேன். வீதியில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் தோட்டத்துப் பொடியன்கள் நாலு பேர் கதிரையோடு நின்றார்கள். நோயாளியைக் கதிரையில் வைத்துத் தூக்குவது நம் தோட்டங்களில் புதிதா என்ன? நான் வேண்டாம் என்று ஊன்றுகோலோடு ஏறினேன். ஏறியது பரவாயில்லை. பின்னேரம் இறங்கும்போது மழை. கட்டு நனைந்து, கல்படி ஒன்றில் பாதம் முன்னுக்குச் சறுக்கி, விரல்கள் சப்பாத்தின் முனையில் போய் முட்டின. புண்ணின் ஒரு ஓரம் விட்டுவிட்டது. 14ஆம் நாள் பிரிக்க வேண்டிய தையலை 21ஆம் நாள்தான் பிரித்தார்கள். கதிரை வந்தால் ஏறி உட்காருங்கள். அதைத் தூக்க வந்தவர்கள் அன்போடுதான் வந்திருக்கிறார்கள்.

அந்த மழையில் நான் படித்தது, இறக்கம்தான் எதிரி என்பது. ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றம் கஷ்டம் என்று நினைக்கிறோம். நுரையீரலுக்கு அது சரி. முன்பாதத்துக்கு இறக்கமே கொடியது. ஒவ்வொரு அடியிலும் பாதம் சப்பாத்துக்குள் முன்னுக்கு வழுக்கி, நரம்பு எடுத்த இடத்திலேயே நெரிகிறது. ஏற்றத்திலும் உந்தி எழும்பும்போது விரல்கள் மடங்கும், ஆனால் நாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பிற்பாடு வழக்கமான சப்பாத்துக்கு மாறியதும், கயிற்றைப் புறங்காலின் மேல்பகுதியில் இறுக்கியும் விரல் பக்கம் தளர்த்தியும் கட்டிப் பழகினேன். குதிகால் பின்னாலேயே நின்றுவிடும், விரல்கள் முட்டாது.

இங்கே சப்பாத்துகளைப் பற்றி. ஒப்பரேஷனுக்குப் பிறகு தருவது இரண்டு வகை. ஒன்று, அடி தட்டையாக, பலகை மாதிரி வளையாமல் இருக்கும் திறந்த சப்பாத்து. மற்றது, குதிப் பக்கம் தடித்து முன்பக்கம் மேலே தூக்கியிருக்கும் ஆப்புச் சப்பாத்து. இதைப் போட்டால் பாரம் முழுக்கக் குதிகாலுக்குப் போகும், முன்பாதம் காற்றில் நிற்கும். கேட்கும்போது இரண்டாவதுதான் கூடுதல் பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். அக்கா வீட்டுச் சீமெந்துத் தரையில் அது அருமையாக இருந்தது.

சரிவில் கதை வேறு. முன்பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளி சமதரையில்தான் இருக்கும். ஏற்றத்தில் நிலமே மேலெழும்பி வந்து முன்பக்கத்தைத் தொட்டுவிடும். எந்தப் பாரத்தைத் தவிர்க்க இந்தச் சப்பாத்தைப் போட்டோமோ அது திரும்பி வந்துவிடும். அதோடு உடம்பு பின்னுக்குச் சாயப் பார்க்கும். படியில் குதிகால் மட்டும் விளிம்பில் நின்றால் தடுமாறும். ஒரு கால் உயர்ந்து மற்றது தாழ்ந்து நடப்பதால் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். மற்றக் காலுக்கு அடி தடித்த சப்பாத்தைப் போட்டால் இது கொஞ்சம் குறையும். கண்டியில் என்னைப் பார்த்த இயன்மருத்துவரிடம் லயத்துப் படிகளின் படத்தைத் தொலைபேசியில் காட்டினேன். பார்த்துவிட்டு, மேல் வெட்டுத்தானே, தட்டைச் சப்பாத்துக்கு மாற்றலாம் என்று வைத்தியரிடம் பேசி மாற்றிக் கொடுத்தார். சமதரை என்றால் ஆப்பு, படியும் சரிவும் என்றால் தட்டை. எனக்கு இதுதான் ஒத்துவந்தது. கீழ் வெட்டுக்காரர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் முன்பாதத்தை ஊன்றவே கூடாது, ஆகவே படிப்பக்கமே போகக் கூடாது.

வாசலையும் வழியையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் மிகப் பயன்படக்கூடியது இந்த ஒன்றுதான். வாயால் "மேட்டில் இருக்கிறோம்" என்றால் யாருக்கும் விளங்காது. நம்மில் பலருக்கு வைத்தியரோடு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ விளக்கமாகப் பேச வராது. படத்துக்கு மொழி தேவையில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் எனக்குத் தந்த துண்டில் வீட்டில் செய்ய வேண்டியது எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசித்தேன். அம்மா வயதில் ஒருவர் தனியாக வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? தமிழ் தெரிந்த தாதி ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு வரியையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வருவது நம் உரிமை.

பிடித்து நடக்க எது? வோக்கர் சமதரைக்கு நல்லது, கம்பளையில் முதல் கிழமை அதுதான் உதவியது. லயத்துக்கு அது ஆகாது. வாசல்படி, கான், சரிவு எதிலும் நாலு காலும் ஒன்றாகப் பதியாது, இறக்கத்தில் முன்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கக்கத்து ஊன்றுகோல் படிக்கு உதவும், ஆனால் பழக வேண்டும். ஒப்பரேஷனுக்கு முன்னாலேயே, இரண்டு காலும் நன்றாக இருக்கும்போதே, உங்கள் வீட்டுப் படியிலேயே பழகுங்கள். கக்கத்தில் தொங்கக் கூடாது, பாரம் உள்ளங்கையில் இருக்க வேண்டும். கக்கத்துக்கும் கட்டைக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் வெட்டிய காலும் முதலில், நல்ல கால் பிறகு. பாசி பிடித்த படியில் ரப்பர் குமிழ் தேய்ந்திருந்தால் ஒரு நொடியில் சறுக்கும். சேறு அப்பியிருந்தாலும் அப்படியே.

கைத்தடி மூன்றாம் நாலாம் கிழமைக்குப் பிறகுதான். அது உடம்புப் பாரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தாங்காது. வலது பாதம் என்றால் இடது கையில் பிடிக்க வேண்டும். வெட்டிய பக்கமே பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அம்மா தன் கொய்யாக்கம்பைத் தந்தார். அதன் அடியில் ரப்பர் இல்லை. டவுனில் ஒன்று வாங்கிப் பொருத்திய பிறகே அதை எடுத்தேன், இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

எப்போது செய்வது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அவசரமில்லாத ஒப்பரேஷன் இது, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்யலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். எப்படியும் காத்திருக்கத்தான் போகிறோம் என்றால் மாதத்தைப் பார்த்துக் கேட்கலாம். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, ஜூன் ஜூலையில் விடாமல் பெய்யும். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை வழி காய்ந்திருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஏறத்தாழ நேர்மாறு. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காற்று, ஆண்டின் கடைசியிலும் தொடக்கத்திலும் மழை. மழைக்காலத்தில் படி வழுக்கும், கட்டு நனையும், புல்லில் அட்டை ஏறும், மண் சரிந்து வீதி மூடினால் கிளினிக் நாளும் போய்விடும். நான் மார்ச் தொடக்கத்தில் செய்தேன். இரண்டு கிழமை முந்தியிருந்தால் அந்தப் பின்னேர மழைக்கு முன்னால் தையல் பிரித்திருப்பார்கள். பாடசாலைக்கு அது வசதியாகவும் இருந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் சேர்ந்து எனக்கு ஏழு கிழமை கிடைத்தது.

குளிரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஜனவரியில் பனி உறையும். வெட்டிய நரம்பு குளிரில் கூடுதலாகக் கூசும், குத்தும். உடனே நாம் செய்வது பாதத்தை அடுப்புக்கு முன்னால் நீட்டுவது, இல்லாவிட்டால் சுடுதண்ணீர்ப் போத்தலை வைப்பது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. வெந்த பிறகுதான் கண்ணால் காண்போம். தடித்த மேஸ் (காலுறை) போடுங்கள், போர்வைக்குள் வையுங்கள், நெருப்புக்குக் காட்ட வேண்டாம். சீனி நோய் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புகையிலை போட்டு வெற்றிலை மெல்லுகிறவர்கள் ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் அதை விட வேண்டும், நிகோடின் புண் ஆறுவதைப் பிந்தவைக்கும்.

தையல் பிரித்துப் புண் நன்றாக மூடிய பிறகு செய்யும் பயிற்சிகளில் மலைக்கும் டவுனுக்கும் வித்தியாசம் கிடையாது. தழும்பை விரலால் வட்டமாகத் தேய்ப்பது, விரல்களை மேலும் கீழும் மடக்குவது, தரையில் விரித்த துவாயை விரல்களால் இழுப்பது. தொட்டாலே கூசும் தோலைப் பழக்க, முதலில் பஞ்சு, பிறகு பருத்தித் துணி, பிறகு சொரசொரப்பான துவாய், கடைசியில் அரிசி நிறைந்த பாத்திரத்துக்குள் பாதத்தை வைத்து அளைவது. அந்த அரிசிப் பயிற்சியை என் மகன் தன் காலையும் விட்டுக் கூடவே செய்தான். சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கல்படியில் நிலைதடுமாறாமல் இருக்க அதுதான் உதவும்.

வேலைக்குத் திரும்புவதில் நான் என்னை அளவாக வைத்து யாருக்கும் நாள் சொல்ல மாட்டேன். எனக்குச் சம்பளத்தோடு லீவு இருந்தது, வகுப்பில் கதிரை இருந்தது. ஏழு கிழமை முடிந்து அகன்ற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனேன், பாதம் மாலையில் வீங்கும், கால் தூக்கி வைப்பேன். வீக்கம் முழுதாக வற்ற மூன்றில் இருந்து ஆறு மாதம் ஆகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், அப்படித்தான் ஆனது. பெரியம்மாவுக்கு அப்படி இல்லை. வேலைக்குப் போய்ப் பேர் போட்ட நாளுக்குத்தான் சம்பளம். கொழுந்து பறிக்கிறவர் சரிவில் குறுக்காக நின்று, முதுகில் பாரத்தோடு, முன்பாதத்தை மண்ணில் குத்தி நிற்கிறார், எட்டு மணித்தியாலம். ஏழு கிழமையில் ஆசிரியைக்குச் சரியாகும் பாதம் அந்த வேலைக்குச் சரியாகிவிடாது. அவர் முதல் முறை ஐந்தாம் கிழமையே மலைக்கு ஏறினார். வலி திரும்பியதற்கு அதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அவர் போயிருக்கக் கூடாது, போகிற நிலைமையில் அவரை விட்டிருக்கவும் கூடாது. கொழுந்து வேலைக்காரர் ஒருவர் இந்த ஒப்பரேஷனை யோசித்தால், நாளைக் குறிக்கும் முன்னாலேயே இரண்டு மூன்று மாதச் செலவுக்கு வழி பார்க்க வேண்டும். வைத்தியரிடம் என்ன வேலை என்பதைச் செய்து காட்டிச் சொல்லி, இலகு வேலைக்கு எழுத்தில் கடிதம் வாங்க வேண்டும். சமதரையில், உட்கார்ந்து செய்யும் வேலை என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த வழி எதுவும் இல்லையென்றால், அகன்ற சப்பாத்து, மெத்தை, ஊசி என்று இன்னும் கொஞ்சக் காலம் தள்ளிப்போடுவது அவருக்கு வெட்டுவதை விட நல்லதாக இருக்கலாம்.

நான் நாலாம் கிழமை முடிவில் வீட்டுக்கு வந்தேன். காலை ஒன்பது மணி, வழி காய்ந்திருந்தது, தட்டைச் சப்பாத்து, இடது கையில் அம்மாவின் கொய்யாக்கம்பு. கல்படிகள் முடிந்து சீமெந்து தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து ஆறி, மொத்தம் 20 நிமிடத்தில் ஏறினேன். இறங்குவதை அடுத்த பத்து நாளைக்குச் செய்யவில்லை.

எரிச்சல் இப்போது இல்லை. கல் கிடக்கிற உணர்ச்சியும் இல்லை. மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் நடுவில் எதுவும் தெரியாது. மழைநாளில் பாடசாலை விட்டு வந்தால் இஸ்தோப்பில் உட்கார்ந்து, மேஸைக் கழற்றி, அந்த இரண்டு விரலையும் விரித்து அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.